மீத்தேன் எரிக்கும் பெரோவ்ஸ்கைட் வினையூக்கி கந்தகத்தைத் தாங்குமா? சோதனையை வரிசை தப்பாமல் செய்வது எப்படி

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் ஐந்து மணி நேரம் கந்தக டை ஆக்சைடை ஓட்டிவிட்டு, “மீத்தேன் மாற்றம் (உள்ளே போன மீத்தேனில் எரிந்த பங்கு) 99 சதவீதத்திலேயே நிற்கிறது, இந்த வினையூக்கி தாங்குகிறது” என்று சொல்வார்கள். பல நேரம் அது தாங்கியிருக்காது. அடி இன்னும் விழவே ஆரம்பித்திருக்காது, அவ்வளவுதான். மேற்பரப்பு எவ்வளவு கந்தகத்தை வாங்கிக்கொண்டது என்ற கணக்கு இல்லாத வரைக்கும் “தாங்குகிறது” என்ற சொல்லுக்குப் பொருள் கிடையாது.

பெரோவ்ஸ்கைட் என்பது ஒரு குறிப்பிட்ட படிக அமைப்புள்ள கலப்பு உலோக ஆக்சைடு. அந்த வகையில் லாந்தனம் மாங்கனைட், லாந்தனம் கோபால்டைட், லாந்தனம் ஃபெரைட் ஆகிய மூன்றையும் வைத்து இந்தச் சோதனையை எந்த வரிசையில் செய்வது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். வேறு உலோகங்கள் கலந்த பெரோவ்ஸ்கைட் என்றாலும் படிகள் மாறாது.

1. வேலையைத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குவார்ட்ஸ் குழாய் உலை, நான்கு வாயு ஓட்டக் கட்டுப்பாட்டுக் கருவிகள், நைட்ரஜனில் கலந்த 5% மீத்தேன், ஆக்சிஜன், நைட்ரஜன், நைட்ரஜனில் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) கந்தக டை ஆக்சைடு உள்ள சிலிண்டர், வெளிவரும் வாயுவை அளக்க ஒரு வழி. கடைசியாகச் சொன்னதற்கு வாயுப் பகுப்பு நிறவரைவியோ நிறை நிறமாலைமானியோ இருந்தால் போதும்.

இவற்றில் இரண்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கந்தக வாயுவுக்குப் பித்தளை ரெகுலேட்டர் கூடாது. துருப்பிடிக்காத எஃகுதான் வேண்டும். பித்தளை அரிக்கும், கொஞ்சம் கந்தகத்தைத் தானும் பிடித்துக்கொள்ளும். சிலிண்டரிலிருந்து உலை வரைக்கும் டெஃப்லான் வகைக் குழாய் போடுங்கள். சூடாகும் பகுதிகளில் மட்டும் எஃகு அல்லது குவார்ட்ஸ்.

கந்தக வாயுவின் ஓட்டக் கருவி சிறியதாக இருக்கட்டும். நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர் மொத்த ஓட்டத்தில் 20 பிபிஎம் வேண்டுமென்றால், 1000 பிபிஎம் சிலிண்டரிலிருந்து நிமிடத்துக்கு 2 மில்லிலிட்டர்தான் எடுக்க வேண்டும். முழு அளவு 100 உள்ள கருவியில், முழு அளவில் ஒரு சதவீதப் பிழை என்றாலே அது ஒரு மில்லிலிட்டர். 2 கேட்டால் 1-ம் வரலாம், 3-ம் வரலாம். முழு அளவு 5 உள்ள கருவியைப் போடுங்கள்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். அமெரிக்கத் தொழில்சார் சுகாதார அமைப்பான ஏசிஜிஐஎச் (ACGIH) பரிந்துரைப்படி, கந்தக டை ஆக்சைடைக் குறுகிய நேரம் சுவாசிப்பதற்கான வரம்பு 0.25 பிபிஎம். 100 பிபிஎம் உயிருக்கு உடனடி ஆபத்து. வெளியேறும் வாயுவைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் வழியாக விட்டு, அதன் பிறகு ஃப்யூம் ஹூடுக்கு (நச்சுப் புகையை வெளியே இழுக்கும் ஆய்வகப் பெட்டி) அனுப்புங்கள். கரைசல் உலைக்குள் பின்னோக்கி ஏறாமல் இருக்க நடுவில் ஒரு காலி பாட்டில் வையுங்கள். கரண்ட் போனால் தானாக மூடிக்கொள்ளும் வால்வு கந்தகக் குழாயில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

2. வினையூக்கியைத் தயாரித்தல்: எடை போடும் இடத்திலேயே பாதிப் பிழை

சிட்ரிக் அமில முறைதான் தொடக்கத்துக்கு எளிது. 5 கிராம் லாந்தனம் கோபால்டைட்டுக்குக் கணக்கு இப்படி வரும்: லாந்தனம் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட் 8.81 கிராம், கோபால்ட் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட் 5.92 கிராம், ஒரு மோல் உலோகத்துக்கு 1.2 மோல் என்ற அளவில் சிட்ரிக் அமில மோனோஹைட்ரேட் 10.26 கிராம்.

ஆனால் இந்தக் கணக்கு புட்டியின் மேலிருக்கும் லேபிளை நம்பிப் போட்டது. இரண்டு நைட்ரேட்டும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். திறந்து மூடிய பழைய புட்டியில் இருப்பது ஹெக்சாஹைட்ரேட்தானா என்று யாருக்கும் தெரியாது. அதனால் முதலில் ஒரு கிராம் லாந்தனம் நைட்ரேட்டை எடை தெரிந்த மூசையில் போட்டு, மெதுவாகச் சூடேற்றி, 900 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். உண்மையான ஹெக்சாஹைட்ரேட் என்றால் 0.376 கிராம் ஆக்சைடு மிஞ்ச வேண்டும். குறைந்தால் தண்ணீர் கூடுதல் என்று பொருள். கோபால்ட்டுக்கும் அப்படியே: 800 டிகிரியில் ஒரு கிராமுக்கு 0.276 கிராம் கோபால்ட் ஆக்சைடு. லாந்தனம் ஆக்சைடை ஆறவிட்டு வெளியில் வைத்தால் அதுவும் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுக்கும். டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலம்) ஆறவைத்து உடனே நிறுங்கள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? விகிதம் தவறினால் ஒரு உலோகம் மிஞ்சும். லாந்தனம் மிஞ்சினால் தனியாக நிற்கும் லாந்தனம் ஆக்சைடு முதலில் கந்தகத்தைப் பிடிக்கும், பெரோவ்ஸ்கைட் தாங்குவது போலத் தெரியும். கோபால்ட் மிஞ்சினால் தனி கோபால்ட் ஆக்சைடே மீத்தேனை நன்றாக எரிக்கும், உங்கள் பெரோவ்ஸ்கைட் கெட்டிக்காரன் போலத் தெரியும். இரண்டும் பொய்.

இரண்டு நைட்ரேட்டையும் சிட்ரிக் அமிலத்தையும் தண்ணீரில் கரைத்து, 80 டிகிரியில் கிளறிக்கொண்டே வற்றவிடுங்கள். கரைசல் தேன் போலக் கெட்டியானதும் 110 டிகிரி அடுப்பில் இரவு முழுவதும் வையுங்கள். இங்கே எல்லோரும் ஒரு முறையாவது சிக்குவார்கள்: ஜெல் நுரைத்துப் பொங்கும். 250 மில்லிலிட்டர் பீக்கரில் ஊற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் அடுப்பின் தட்டு முழுக்க ரோஸ் நிற நுரை காய்ந்து ஒட்டிக் கிடந்தது. கரைசல் எவ்வளவோ அதைப்போல் பத்து மடங்கு கொள்ளும் பாத்திரம் எடுங்கள்.

காய்ந்த நுரையை ஒரேயடியாக 700 டிகிரி உலையில் போடக் கூடாது. நைட்ரேட்டும் சிட்ரேட்டும் சேர்ந்தது தானாகத் தீப்பிடிக்கும், பழுப்பு நிற நைட்ரஜன் ஆக்சைடு புகை கிளம்பும். சிறு சிறு அளவாக எடுத்து, ஃப்யூம் ஹூடுக்குள், நிமிடத்துக்கு 1 அல்லது 2 டிகிரி வேகத்தில் 400 வரை ஏற்றி இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். அப்புறம் அரைத்து 700 டிகிரியில் 5 மணி நேரம். மூன்று மாதிரிக்கும் ஒரே வெப்பநிலை, ஒரே நேரம்.

3. உலையில் ஏற்றும் முன் இரண்டு சரிபார்ப்பு

படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு படம் எடுங்கள். இதில் டிகிரி என்பது கோணம், வெப்பநிலை இல்லை. செப்புக் கதிரில் லாந்தனம் கோபால்டைட்டுக்கு 33 டிகிரிக்கு அருகே இரட்டைச் சிகரம் வரும். 36.8 டிகிரியில் தனியாக ஒரு சிகரம் தலைகாட்டினால் கோபால்ட் ஆக்சைடு மிஞ்சியிருக்கிறது. 28 டிகிரிக்கு அருகே வந்தால் லாந்தனம் ஹைட்ராக்சைடு, அதாவது ஆக்சைடாக மிஞ்சியது ஈரம் குடித்து மாறியிருக்கிறது. எது வந்தாலும் அந்தக் குவியலை ஒதுக்கிவிட்டு மறுபடி செய்யுங்கள். பின்னால் விளக்கம் எழுதிச் சமாளிப்பதைவிட அது சுலபம்.

அடுத்தது பரப்பளவு, நைட்ரஜன் உறிஞ்சல் முறையில். இது ஏதோ அட்டவணையை நிரப்ப எடுக்கும் எண் என்று விட்டுவிடாதீர்கள். 7-ஆம் படியில் கந்தகக் கணக்கு முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

4. வினையூக்கிப் படுகையைக் குழாயில் நிரப்புதல்

தூளை அழுத்தி வில்லையாக்கி, உடைத்து, 250 முதல் 425 மைக்ரோமீட்டர் சல்லடை இடைவெளியில் சலித்துக்கொள்ளுங்கள். 0.2 கிராம் வினையூக்கியை அதே அளவுத் துகளுள்ள குவார்ட்ஸ் மணலுடன் கலந்து, இரு பக்கமும் குவார்ட்ஸ் பஞ்சு வைத்து நிரப்புங்கள்.

மணல் கலப்பது வெப்பத்துக்காக. ஒரு சதவீத மீத்தேன் முழுவதும் எரிந்தால் வாயு ஏறக்குறைய 250 டிகிரி சூடாகும். மணல் கலக்காத படுகையில் உலையின் வெப்பமானி 500 காட்டும்போது நடுவில் வேறு ஏதோ இருக்கும்.

மணலுக்குப் பதில் அலுமினா கலக்காதீர்கள். இது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அலுமினா கந்தகத்தைப் பிடித்து அலுமினியம் சல்பேட்டாக மாறும். வினையூக்கிக்குப் போக வேண்டிய கந்தகத்தில் ஒரு பங்கை அது குடித்துவிடும். சாதாரணக் கண்ணாடிப் பஞ்சும் வேண்டாம், உயர்ந்த வெப்பத்தில் இளகும்.

தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) படுகையைத் தொட வேண்டும், ஆனால் வெறும் உலோக உறையோடு தொடக் கூடாது. மெல்லிய குவார்ட்ஸ் உறைக்குள் விடுங்கள். உலோக உறை கந்தகத்தில் அரிக்கும், தானே கொஞ்சம் வினையும் ஊக்கும்.

5. வெற்று ஓட்டங்கள்

யாருக்கும் பிடிக்காத படி. ஆனாலும் இதைத் தாண்டி அடுத்ததற்குப் போகாதீர்கள்.

முதலில் மணல் மட்டும் நிரப்பி மீத்தேன், ஆக்சிஜன் கலவையை 800 டிகிரி வரை ஓட்டுங்கள். ஓரளவுக்கு மேல் வெப்பம் ஏறினால் வினையூக்கி இல்லாமலே மீத்தேன் எரிய ஆரம்பிக்கும். உங்கள் குழாயில் அது எந்த வெப்பநிலையில் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே எடுத்த எந்த எண்ணையும் வினையூக்கியின் கணக்கில் எழுத முடியாது.

அடுத்து, மணல் மட்டும் உள்ள அதே குழாயில் 20 பிபிஎம் கந்தக டை ஆக்சைடை விட்டு வெளியே எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். முதல் நாள் 20 வராது. குழாய்ச் சுவர், இணைப்புகள், வால்வுகள் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். வெளியே வருவது 20-ல் நிலைக்கும் வரை ஓட்டுங்கள், சில மணி நேரம் ஆனாலும் சரி. வெளியேறும் குழாய் முழுவதும் 150 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கட்டும். எங்காவது குளிர்ந்தால் வினையில் உண்டான நீராவி துளியாகும். அந்தத் துளியில் கந்தக டை ஆக்சைடு கரைந்து காணாமல் போகும், நீங்களோ வினையூக்கி பிடித்துக்கொண்டது என்று எழுதுவீர்கள்.

அளக்கும் கருவியையும் சந்தேகப்படுங்கள். ஒரு முறை கந்தகம் விட்ட அரை நாளில் கார்பன் டை ஆக்சைடு சிகரம் சரசரவென்று இறங்கியது. வினையூக்கி செத்துவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதியும் விட்டேன். மீத்தேன் சிகரமோ அசையவில்லை. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் உள்ளே போன கார்பனில் ஐந்தில் ஒரு பங்கைக் காணவில்லை. நிறவரைவியில் கார்பன் டை ஆக்சைடை மீத்தேனாக மாற்றிக் காட்டும் நிக்கல் அடுக்கைக் கந்தகம் கெடுத்திருந்தது. செத்தது என் வினையூக்கி இல்லை, கருவியினுடையது. அன்றிலிருந்து ஒவ்வொரு அளவீட்டிலும் கார்பன் கூட்டலைப் போடுகிறேன். 95 முதல் 105 சதவீதத்துக்குள் இல்லையென்றால் ஓட்டத்தை நிறுத்திக் காரணம் தேடுவேன்.

நிறை நிறமாலைமானி வைத்திருப்பவர்கள் மீத்தேனுக்கு நிறை எண் 16-ஐப் பார்க்காமல் 15-ஐப் பாருங்கள். ஆக்சிஜனும் உடைந்து 16-ல் வந்து விழும். கந்தக டை ஆக்சைடுக்கு 64.

6. புதிய வினையூக்கியின் இயல்பைப் பிடித்தல்

நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர் கலவை இப்படிப் போடலாம்: 5% மீத்தேன் 20, ஆக்சிஜன் 10, நைட்ரஜன் 68, மீதி 2 மில்லிலிட்டருக்கும் இப்போதைக்கு நைட்ரஜனே. கந்தகம் விடும்போது அந்த 2-ஐ மட்டும் மாற்றிக்கொள்ளலாம், மொத்த ஓட்டம் மாறாது. மீத்தேன் செறிவு 1%. காற்றில் மீத்தேன் தீப்பற்றும் கீழ் எல்லை 5% என்பதால் பாதுகாப்பான இடைவெளி இருக்கிறது.

வெப்பநிலையை ஏற்றிக்கொண்டே மாற்ற விழுக்காட்டைக் குறியுங்கள், அப்புறம் இறங்கும்போதும் குறியுங்கள். முதல் சுற்றை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் கார்பனேட்டும் ஈரமும் அதில்தான் வெளியேறும். இரண்டாவது, மூன்றாவது சுற்றுகள் ஒன்றன் மேல் ஒன்று பொருந்தினால் மாதிரி நிலைபெற்றுவிட்டது.

இந்த வளைகோட்டிலிருந்து உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு வெப்பநிலை: புதிய வினையூக்கி மீத்தேனில் 30 முதல் 50 சதவீதம் வரை எரிக்கும் இடம். கந்தகத்தால் வினையூக்கியை நச்சேற்றும் சோதனையை அங்கேதான் நடத்த வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

மீத்தேன் எரிப்பை முதல் வரிசை வினையாக எடுத்துக்கொண்டால், வினைவேக மாறிலி என்பது மிஞ்சிய மீத்தேன் பின்னத்தின் இயல் மடக்கைக்கு (எதிர்க்குறியை நீக்கி) நேர்விகிதம். மாற்றம் 99.9-லிருந்து 99-க்கு இறங்கினால் திரையில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் மடக்கை 6.91-லிருந்து 4.61-க்கு இறங்கியிருக்கிறது. வினையூக்கி தன் திறனில் மூன்றில் ஒரு பங்கை இழந்தாயிற்று! அதே இழப்பு, மாற்றம் 40 சதவீதமாக உள்ள இடத்தில் நடந்தால் 29-க்கு வந்து நிற்கும், யாராலும் மறைக்க முடியாது. முழு மாற்றத்தில் நடத்திய நீடிப்புச் சோதனையை நான் கணக்கில் எடுப்பதே இல்லை.

7. கந்தகக் கணக்கு

இதுதான் மொத்தச் சோதனைக்கும் முதுகெலும்பு. நிதானமாகப் படியுங்கள்.

நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர், 20 பிபிஎம். பூஜ்ய டிகிரி, ஒரு வளிமண்டல அழுத்தத்தில் அளந்த ஓட்டமாக எடுத்தால், மணிக்கு 5.35 மைக்ரோமோல் கந்தக டை ஆக்சைடு உள்ளே போகிறது. உங்கள் ஓட்டக் கருவி எந்த வெப்பநிலைக்கு அளவுதிருத்தப்பட்டது என்று பாருங்கள். 25 டிகிரி என்றால் கணக்கு எட்டு சதவீதம் குறையும்.

இப்போது வினையூக்கி பக்கம். 0.2 கிராம், கிராமுக்கு 15 சதுர மீட்டர் பரப்பு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3 சதுர மீட்டர். பெரோவ்ஸ்கைட்டின் சிற்றலகு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பெட்டி) பக்கம் ஏறக்குறைய 0.39 நானோமீட்டர். ஒரு முகத்துக்கு ஒரு உலோக அயனி என்று எடுத்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 11 மைக்ரோமோல் உலோக அயனிகள். ஆக, வெளியே தெரிவது 33 மைக்ரோமோல்.

33-ஐ 5.35-ஆல் வகுத்தால் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். உள்ளே போகும் கந்தகம் ஒன்றுவிடாமல் ஒட்டினால்கூட மேற்பரப்பை ஒரு அடுக்கு மூட ஆறு மணி நேரம் பிடிக்கும். ஐந்து மணி நேரத்தில் சோதனையை முடித்துக்கொண்டு “தாங்கியது” என்று சொன்னவர் எங்கே நிற்கிறார் என்று இப்போது தெரிகிறதா?

அடுக்கோடு கதை முடிவதும் இல்லை. கந்தகம் உள்ளே இறங்கி லாந்தனத்தைச் சல்பேட்டாக்கும். 0.2 கிராம் லாந்தனம் கோபால்டைட்டில் 813 மைக்ரோமோல் லாந்தனம் இருக்கிறது. எல்லாம் ஆக்ஸிசல்பேட்டாக (ஆக்சைடும் சல்பேட்டும் சேர்ந்த சேர்மம்) மாற 407 மைக்ரோமோல் கந்தகம் வேண்டும், இந்த ஓட்டத்தில் 76 மணி நேரம். முழு சல்பேட்டாக மாற 1220 மைக்ரோமோல், 228 மணி நேரம்.

எனவே கால அச்சை மணியில் வரையாதீர்கள். ஒரு மேற்பரப்பு அயனிக்கு எத்தனை கந்தகம் போனது என்று வரையுங்கள். பரப்பு கூடிய மாதிரி மணிக்கணக்கில் பார்த்தால் எப்போதும் வீரன் போலத்தான் தெரியும். பரப்பால் வகுத்தவுடன் பல வீரர்கள் சாதாரண ஆட்களாகிவிடுவார்கள். குறைந்தது மூன்று மேற்பரப்பு அடுக்குக்கு உரிய கந்தகம் போகும் வரை, அதாவது இந்த எடுத்துக்காட்டில் 18 முதல் 20 மணி நேரம், ஓட்டுங்கள்.

செறிவைக் கூட்டி நேரத்தைச் சுருக்கலாமா என்று கேட்பார்கள். ஓரளவுக்குச் செய்யலாம். இயற்கை எரிவாயு எஞ்சின் புகையில் கந்தக டை ஆக்சைடு பெரும்பாலும் ஒரு பிபிஎம் அளவில்தான் இருக்கும். அந்தச் செறிவில் ஒரு அடுக்கு மூடவே ஐந்து நாள் ஆகும், எனவே எல்லோரும் கூட்டித்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் 100 பிபிஎமில் நிலைத்து நிற்கும் ஒரு சல்பேட் ஒரு பிபிஎமில் கலைந்து போகலாம். ஒரு மாதிரியையாவது குறைந்த செறிவில், அதே மொத்தக் கந்தகத்துக்கு ஓட்டி ஒப்பிடுங்கள்.

8. நச்சேற்றும் ஓட்டம்: திறக்கும் வரிசை, மூடும் வரிசை

முதலில் ஆக்சிஜன், நைட்ரஜன் ஓட்டத்தில் வெப்பநிலைக்கு ஏறுங்கள். அப்புறம் மீத்தேன். இரண்டு மணி நேரம் மாற்றம் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்ற பிறகுதான் கந்தகம். இந்த முன்கோடு (கந்தகத்துக்கு முந்தைய நிலையான அளவு) இல்லாமல் கந்தகத்தைத் திறந்தால், இறங்கியது கந்தகத்தாலா, துகள்கள் கெட்டித்துப் பரப்பு குறைந்ததாலா என்று பிரிக்கவே முடியாது.

இன்னொரு மாதிரியைக் கந்தகமே இல்லாமல் அதே நேரம், அதே வெப்பநிலையில் ஓட்டுங்கள். இதைத் தனியாகச் சொல்லக் காரணம், நேரம் மிச்சப்படுத்த எல்லோரும் முதலில் வெட்டுவது இதைத்தான்.

நீராவியும் சேர்த்துச் சோதிப்பதாக இருந்தால் அதைத் தனியாக முன்னாலேயே செய்யுங்கள். நீராவி விட்டவுடன் மாற்றம் இறங்கும், நிறுத்தினால் பெருமளவு திரும்பும். கந்தகத்தால் வரும் இறக்கம் அதே வெப்பநிலையில் அப்படித் திரும்பாது. இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்தால் பழி யார் மேல் என்று தெரியாது.

ஓடும்போது வெளியே வரும் கந்தக டை ஆக்சைடையும் அளந்துகொண்டே இருங்கள். தொடக்கத்தில் பூஜ்யத்துக்கு அருகே இருக்கும், அப்புறம் எழும். உள்ளே போனதுக்கும் வெளியே வந்ததுக்கும் உள்ள வித்தியாசம் வினையூக்கி பிடித்தது போலத் தோன்றும். ஆனால் ஒரு பகுதி கந்தக டிரை ஆக்சைடாக மாறியும் வெளியேறியிருக்கலாம், அது நிறை எண் 64-ல் தெரியாது. கடைசியில் மாதிரியின் கந்தகத்தைத் தனியாக அளந்தால்தான் இந்தக் கணக்கு மூடும்.

வெப்பநிலையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று. 700 டிகிரியைத் தாண்டினால் சமநிலை டிரை ஆக்சைடை விட்டு டை ஆக்சைடு பக்கம் சாயும். இரும்பு, கோபால்ட் சல்பேட்டுகளும் கலைய ஆரம்பிக்கும். அங்கே சோதித்துவிட்டு 500 டிகிரியில் வேலை செய்யும் கருவிக்குப் பரிந்துரை எழுதக் கூடாது. லாந்தனம் ஆக்ஸிசல்பேட்டோ 1000 டிகிரி வரைகூட நிற்கும் பேர்வழி.

மூடும்போது முதலில் கந்தகத்தை மூடுங்கள். மீத்தேனும் ஆக்சிஜனும் இன்னும் இரண்டு மணி நேரம் ஓடட்டும், தானாக எவ்வளவு மீள்கிறது என்பதும் ஒரு அளவுதான். அப்புறம் மீத்தேனை மூடி நைட்ரஜனில் ஆறவிடுங்கள். கந்தகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உலையை அணைத்தால், ஆறும் வழியில் ஓட்டத்தில் ஒட்டாத கந்தகமெல்லாம் வந்து ஒட்டும். அடுத்த நாள் எடுக்கும் நிறமாலை அந்த அரை மணி நேரத்தின் படமாகத்தான் இருக்கும்.

9. பிறகு செய்யும் ஆய்வு

மறுபடி வளைகோடு எடுக்க வேண்டும் என்று உடனே 800 டிகிரிக்கு ஏற்றிவிடாதீர்கள். ஏற்றினால் சல்பேட்டில் ஒரு பகுதி கலையும், நீங்கள் நச்சேறிய வினையூக்கியை அளக்காமல் பாதி குணமானதை அளப்பீர்கள். முதல் சுற்றில் நச்சேற்றிய வெப்பநிலைக்கு மேல் போகாதீர்கள்.

படுகையை வெளியே எடுக்கும்போது வாயு நுழையும் பக்கத்தையும் வெளியேறும் பக்கத்தையும் தனித்தனிப் புட்டியில் போடுங்கள். கந்தகம் முன்பக்கத்திலிருந்துதான் தின்றுகொண்டு வரும். மொத்தமாகக் கொட்டிக் கலந்துவிட்டால் செத்த முன்பாதியும் உயிருள்ள பின்பாதியும் சேர்ந்து “மிதமான நச்சேற்றம்” என்று ஒரு சராசரிப் பொய்யைச் சொல்லும்.

அகச்சிவப்பு நிறமாலையில் 1000 முதல் 1200 அலையெண்ணுக்கு இடையே சல்பேட் பட்டைகள் வரும். எக்ஸ் கதிர் ஒளி எலக்ட்ரான் நிறமாலையில் கந்தகம் 168, 169 எலக்ட்ரான் வோல்ட் அருகே வந்தால் அது சல்பேட். எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் புதிய சிகரம் எதுவும் இல்லை என்பதால் கந்தகம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். மேலே ஒரு அடுக்கு மூடினால் அது எடையில் அரை சதவீதக் கந்தகம்தான், அந்தக் கருவிக்குத் தெரியாது. வினையூக்கியைக் கொல்ல அந்த அரை சதவீதமே போதும்.

கலவை உலோகங்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஸ்ட்ரான்சியம் சேர்த்தால் வேகம் கூடும் என்று சேர்ப்பார்கள். ஸ்ட்ரான்சியம் சல்பேட் 1000 டிகிரியிலும் கலையாது, பிடித்த கந்தகத்தை விடவே விடாது. மக்னீசியம் ஆக்சைடு சேர்ப்பது வேறு உத்தி: அது பெரோவ்ஸ்கைட்டுக்கு முன்னால் நின்று கந்தகத்தை வாங்கிக்கொள்ளும் கவசம். நல்ல யோசனைதான், ஆனால் கவசம் நிரம்பும் வரைதான் பலன். நிரம்பும் புள்ளியைத் தாண்டி ஓட்டாத சோதனை கவசத்தை மட்டுமே சோதித்திருக்கிறது.

10. மீட்டெடுத்தல்

காற்றில் 100 டிகிரி இடைவெளியில் படிப்படியாகச் சூடேற்றி, ஒவ்வொரு படிக்கும் பிறகு பழைய சோதனை வெப்பநிலைக்கு இறங்கி மாற்றத்தை அளவிடுங்கள். எந்தப் படியில் திறன் திரும்புகிறதோ, எந்தப் படியில் 64 எழுகிறதோ, அவை இரண்டும் சேர்ந்து எந்தச் சல்பேட் இருந்தது என்று சொல்லும். 800-க்கு மேல் போனால் கந்தகம் போனாலும் பரப்பும் போகும். பரப்பளவை மறுபடி அளக்காமல் “மீளவில்லை” என்று எழுதாதீர்கள்.

ஹைட்ரஜனில் மீட்கலாம் என்ற ஆசை வரும், பல்லேடியம் வினையூக்கியில் பழகியவர்களுக்குக் கண்டிப்பாக வரும். பெரோவ்ஸ்கைட்டில் கை வைக்காதீர்கள். லாந்தனம் கோபால்டைட் ஹைட்ரஜனில் ஒடுங்கி உலோகக் கோபால்ட்டும் லாந்தனம் ஆக்சைடுமாகப் பிரிந்துவிடும். ஆக்ஸிசல்பேட் ஆக்ஸிசல்ஃபைடாகும், வழியில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் வெளிவரலாம். மீட்கப் போய் வினையூக்கியே இல்லாமல் நிற்பீர்கள்.

11. எழுதி வைக்க வேண்டிய எண்கள்

பாதி மீத்தேன் எரியும் வெப்பநிலை எத்தனை டிகிரி நகர்ந்தது என்பதை மட்டும் கொடுத்தால் யாரும் தங்கள் முடிவோடு ஒப்பிட முடியாது. வினையூக்கி எடை, பரப்பு, மொத்த ஓட்டம், கந்தகச் செறிவு, வெப்பநிலை, தொடக்க மாற்றம், மேற்பரப்பு அயனிக்கு இத்தனை கந்தகம் என்ற அளவு, அதற்கு எதிரே எஞ்சிய வினைவேக மாறிலியின் விகிதம். மாற்ற விழுக்காட்டை விகிதமாக எழுதாதீர்கள்: 40-லிருந்து 20-க்கு இறங்கினால் பாதி இழப்பு இல்லை. மடக்கை 0.511-லிருந்து 0.223-க்கு வந்திருக்கிறது, எஞ்சியது 44 சதவீதம்தான்.

12. அடுத்த மாதிரிக்கு முன்

குவார்ட்ஸ் குழாயை மாற்றுங்கள், அல்லது காலியாக 900 டிகிரியில் காற்றில் ஒரு மணி நேரம் சுடுங்கள். பஞ்சையும் மணலையும் தூக்கிப் போடுங்கள். வெளியேறும் குழாயைச் சூடாக வைத்து நைட்ரஜனை இரவு முழுவதும் ஓட்டிவிட்டு, காலையில் 64-ஐப் பாருங்கள். பூஜ்யத்துக்கு வரவில்லையென்றால், கந்தகமே விடாமல் ஓட்ட நினைக்கும் ஒப்பீட்டு மாதிரி அன்றைக்கு வேண்டாம்.